செவிக்கும் ஒரு கட்டுரை வகுப்பு

இசையைச் சொல்லில் எழுத இயலாது என்று ஒரு சாரார் நெடுங்காலமாகச் சொல்லி வருகின்றனர். அதைச் சொல்லும்போது அவர்கள் முகத்தில் ஒரு பக்திப் பெருமிதம் படர்வதைக் கவனித்திருப்பீர்கள். இசை தெய்வத் தன்மை வாய்ந்தது; சொல்லோ மண்ணில் தவழ்வது; ஆகவே இசை முடிந்ததும் கண்களை மூடிக்கொண்டு "ஆகா" என்பதோடு நிறுத்திக்கொள்வதே அறிவுடைமை என்பது அவர்கள் முடிவு. மேல்நாட்டில் இதே கருத்து ஒரு கேலிமொழியாகப் பலர் பெயரில் உலவுகிறது. இசையைப் பற்றி எழுதுவது கட்டடக் கலையைப் பற்றி நடனமாடுவதை ஒக்குமாம்!

கேட்டவுடன் சிரிப்பு வரத்தான் செய்கிறது. சிரித்து முடித்தபின் தஞ்சைப் பெரிய கோவிலை ஒருமுறை நினைத்துப் பாருங்கள். அதன் கருவறையைச் சுற்றியுள்ள மேல்தளத்தில் நாட்டியக் கரணங்கள் 108-இல் 81 கல்லில் செதுக்கப்பட்டுள்ளன; எஞ்சியவற்றுக்கு ஒதுக்கிய கற்கள் உளி படாமல் நிற்கின்றன. சிதம்பரத்துக் கோபுர வாயில்களிலும் கரணங்கள் வரிசையாக உள்ளன. கட்டடம் அங்கே நடனத்தைப் பற்றிப் பேசிக்கொண்டுதான் இருக்கிறது. பரதம் ஆடும் பெண் இரு கைகளையும் உயர்த்திக் கோபுரத்தைக் காட்டும்போது நடனம் கட்டடத்தைப் பற்றிப் பேசுகிறது. ஒரு கலையின் பொருளை மற்றொரு கலை தன் மொழியில் எடுத்துரைப்பது நம் மண்ணில் ஆயிரம் ஆண்டுப் பழக்கம். கேலிமொழியை உருவாக்கியவர் தஞ்சையைப் பார்த்ததில்லை. நம்மவர் பார்த்துவிட்டும் அதைத் திருப்பிச் சொல்கிறார்கள் என்பதுதான் வேடிக்கை.

இந்த வழக்கை இப்போது எடுத்துரைப்பதற்குக் காரணம் நம் கல்லூரிகளின் கட்டுரைப் பயிற்சி வகுப்பு. பங்குப் பணியோடு சில ஆண்டுகள் ஒரு கல்லூரியின் முதலாண்டு மாணவர்களுக்கு அவ்வகுப்பை எடுக்கும் கடமையும் எனக்கு வாய்த்தது. பட்டப் படிப்பில் பகுதி ஒன்று தமிழ், பகுதி இரண்டு ஆங்கிலம் என்று வைத்திருக்கிறோம். இரண்டிலும் பொதுக் கட்டுரை உண்டு. பொதுக் கட்டுரைத் தலைப்புகளில் "இசை" அடிக்கடி தலைகாட்டும். மாணவர் அதை எப்படி எதிர்கொள்கிறார்? கடையில் விற்கும் உரைநூலைத் திறக்கிறார். முன்னுரையில் இசைக்கு மயங்காதார் இல்லை என்று இருக்கும். அடுத்து பசுவும் பாம்பும் குழந்தையும் இசைக்கு வசமாகும். பிறகு ஏழு சுரங்களின் பெயர்; பின்னர் நான்கைந்து பெரும் பாடகர்களின் பெயர்; அதன்பின் இசையால் நோய் தீரும், பயிர் செழிக்கும். முடிவுரையில் இசையை வளர்ப்போம், இன்பம் பெறுவோம். மதிப்பெண் பத்துக்கு ஏழு.

அந்தக் கட்டுரையில் இல்லாத ஒன்று ஓசை. முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை ஒரு கம்பி அதிரவில்லை; ஒரு மூச்சு குழலுள் நுழையவில்லை; ஒருவரும் தொண்டையைக் கனைத்துக்கொள்ளவில்லை. வாழ்நாளில் ஒரு பாட்டும் கேளாதவர் அதை எழுதிவிடலாம். இன்று அதை எழுத மனிதரே வேண்டியதில்லை என்றாகிவிட்டது. செயற்கை நுண்ணறிவு என்னும் கணினி ஏற்பாட்டிடம் தலைப்பைத் தந்தால், நாம் ஒருமுறை மூச்சு விடுவதற்குள் பசுவையும் பாம்பையும் வரிசையில் நிறுத்தித் தந்துவிடுகிறது. மாணவர்கள் அதைப் படியெடுத்துக் கொடுக்கிறார்கள் என்று ஆசிரியர்கள் கொதிக்கிறார்கள். எனக்கு ஒரு கேள்வி உண்டு. உரைநூலைப் படியெடுத்தபோது ஏன் கொதிக்கவில்லை? அன்றும் எழுதியவர் மாணவர் அல்லர்.

அமெரிக்கக் கல்லூரிகளில் கட்டுரைப் பயிற்சி முதலாண்டு மாணவர்களுக்குப் பெரும்பாலும் கட்டாயப் பாடம். அதற்கு வழி வகுத்தது ஹார்வர்டு. அங்கே 1885-இல் இது புதுமுக மாணவர் அனைவருக்கும் உரிய பாடமாயிற்று. அதே காலத்தில் அங்கே பணியாற்றிய பாரெட் வெண்டல் என்னும் பேராசிரியர், தம் மாணவர்கள் நாள்தோறும் ஒரு பக்கம் எழுதித் தர வேண்டும் என்று விதித்தார். எழுத வேண்டியது நூலில் படித்ததை அன்று; அன்றைய பொழுதில் தாமே கண்டு உணர்ந்த ஏதேனும் ஒன்றை. எளிய விதிதான். ஆனால் கடையில் விற்கும் உரைநூல் இதற்கு உதவாது. நேற்று மாலை உன் தெருவில் நடந்தது எந்த உரைநூலில் இருக்கிறது? இந்த விதியைச் செவிக்கும் நீட்டுங்கள் என்பதே நான் வேண்டுவது. கண்டதை எழுது என்பதுபோல், கேட்டதை எழுது.

கேட்டதை எழுது என்றால் மாணவர் எளிதில் எழுதிவிடமாட்டார். அவர் தப்பி ஓடும் வழிகள் சில உண்டு. அவற்றுள் முதன்மையானது பாட்டின் சொற்களுக்குள் புகுந்துகொள்வது. பாட்டைப் பற்றி எழுதச் சொன்னால் பாட்டின் கருத்தை எழுதுவார். தாய்ப்பாசம், நாட்டுப்பற்று, காதல் தோல்வி என்று பொருள் பிரிப்பார். அதே சொற்கள் வேறொரு மெட்டில் அமைந்திருந்தால் அழுகைக்குப் பதில் சிரிப்பு வந்திருக்குமே, அது ஏன் என்று கேட்டால் விழிப்பார். இதற்கடுத்த ஓட்டம் பாடியவரின் வாழ்க்கைக்குள். அவர் பட்ட வறுமை, அவருக்கு வாய்த்த விருது, அவருடைய மணமுறிவு என்று எழுதிக்கொண்டே போவார்.

சொல்லையும் வாழ்க்கையையும் இப்படிக் குழப்பிக் கேட்பதால் நேரும் கேட்டை நம் சிலப்பதிகாரம் கதையாகவே வைத்திருக்கிறது. கானல்வரியில் கடற்கரையில் அமர்ந்து கோவலன் யாழ் மீட்டிப் பாடுகிறான். மாதவி அப்பாட்டின் சொற்களைப் பிடித்துக்கொண்டு, இவன் மனத்தில் வேறொருத்தி இருக்கிறாள் என்று கொள்கிறாள். அவளும் யாழை வாங்கித் தன் மனத்தில் வேறொருவன் இருப்பவள்போலப் பாடுகிறாள். கோவலனும் அதே தவற்றைச் செய்கிறான். பாட்டைப் பாடியவளின் வாக்குமூலமாகக் கேட்டு எழுந்து போய்விடுகிறான். அதன்பின் மதுரை எரிகிறது. இதில் ஒரு நுட்பம் உண்டு. பாட்டு தொடங்குமுன், மாதவி யாழைச் சோதித்த முறையையும் அவள் விரல்கள் நரம்பில் இயங்கிய வகைகளையும் இளங்கோ ஒவ்வொன்றாகப் பெயர் சொல்லிக் காட்டுகிறார். பண்ணல், தைவரல், செலவு, குறும்போக்கு என்று கைத்தொழிலுக்கு அவர் வைத்திருக்கும் சொற்கள் பல. கோவலன் கேட்கத் தவறியதைப் புலவர் கேட்டு எழுதியிருக்கிறார். இசையைச் சொல்லில் எழுத இயலாது என்போர் அரங்கேற்று காதையையும், அதற்கு அடியார்க்கு நல்லார் எழுதிய உரையையும் எந்தக் கணக்கில் வைப்பர்?

மூன்றாவது தப்பிக்கும் வழி வியப்பு. தேன், அமுதம், தெய்விகம், மயக்கம், மெய்சிலிர்ப்பு. இச்சொற்களைப் பயன்படுத்தும்போது நாம் இசையைப் பற்றி ஒன்றும் சொல்வதில்லை. நம்மைப் பற்றியே சொல்கிறோம். எனக்கு மயிர்க்கூச்செறிந்தது என்பது செய்தி என்றால், என் தோலைப் பற்றிய செய்தி. எந்த இடத்தில், எந்த ஒலி எப்படி மாறியபோது அது நேர்ந்தது என்று சொன்னால்தான் பக்கத்தில் இருப்பவர் மறுமுறை கேட்கும்போது அந்த இடத்துக்காகக் காத்திருப்பார். எழுத்து செய்யக்கூடிய தொண்டு அதுவே.

வியப்புச் சொற்களை ஒதுக்கிவிட்டால் இலக்கணச் சொற்கள்தாமே எஞ்சும். அவற்றைக் கல்லூரி மாணவர் எங்கே போய்க் கற்பார் என்று இசை வல்லோர் கேட்கின்றனர். ஸ்வர ஸ்தானம் அறியாதவன் இசையைப் பற்றி எழுதலாகாது என்பது அவர்கள் வகுத்த எல்லைக் கோடு. இவர்களுக்கு விடை சொல்ல நான் முயல வேண்டியதில்லை. நூற்றாண்டுக்கு முன்பே பெர்னார்டு ஷா சொல்லிவிட்டார். நாடக ஆசிரியராகப் புகழ் பெறுமுன் அவர் இலண்டன் பத்திரிகைகளில் இசைத் திறனாய்வு எழுதிப் பிழைத்தவர். 1889, 1890 ஆண்டுகளில் 'ஸ்டார்' நாளிதழில் ஒரு பழைய ஊதுகருவியின் பெயரைப் புனைபெயராக வைத்துக்கொண்டு எழுதினார். பின்னர் 'வேர்ல்டு' இதழில் எழுதினார். கலைச்சொற்களை அடுக்கி இசையைப் 'பகுத்தாய்வு' செய்யும் அறிஞர்களைக் கண்டு சலித்த ஷா, ஹாம்லெட்டின் புகழ்பெற்ற தனிமொழியை அதே பாணியில் பகுத்தாய்ந்து காட்டினார். எந்த வினைவடிவத்தில் பேச்சு தொடங்குகிறது, எந்த இணைப்புச் சொல் எங்கே மீண்டும் வருகிறது என்று இலக்கணம் பேசிக்கொண்டே போய், ஹாம்லெட்டின் துயரத்தை ஒரு சொல்லாலும் தொடாமல் முடித்துவிட்டார். அதைப் படித்தபின்னும் வெறும் பகுத்தாய்வை இசைத் திறனாய்வு என்று ஒருவர் சொன்னால் அவருக்கு நகைச்சுவை உணர்வு இல்லை என்று பொருள்.

தமிழில் இதே பணியைக் கல்கி செய்தார். 1930-களில் ஆனந்த விகடனில் 'கர்நாடகம்' என்னும் பெயரில் அவர் எழுதிய 'ஆடல் பாடல்' பகுதி, வித்துவான்களுக்காக எழுதப்பட்டதன்று. சீட்டு வாங்கிக்கொண்டு பின்வரிசையில் உட்காருபவருக்காக எழுதப்பட்டது. ஆபிரகாம் பண்டிதரையும் எண்ணிப் பாருங்கள். அவர் தொழிலால் மருத்துவர். தஞ்சையில் மருந்து செய்து பொருள் ஈட்டி, அந்தப் பொருளைக் கொண்டு 1912 முதல் இசை மாநாடுகள் கூட்டி, 1917-இல் 'கருணாமிர்த சாகரம்' என்னும் பெருநூலை வெளியிட்டார். இவர்கள் யாரும் இசை வல்லோரிடம் அனுமதிச் சீட்டு பெற்று எழுதத் தொடங்கியவர் அல்லர்.

கலைச்சொல் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. கேட்ட ஒன்றுக்குப் பெயர் தேவைப்படும்போது அந்தப் பெயர் வரட்டும். உணர்வும் வேண்டும், அந்த உணர்வு எந்த ஒலியில் பிறந்தது என்ற கணக்கும் வேண்டும். இரண்டையும் ஒரே கட்டுரையில் வைக்கலாம் என்பதற்குப் பழைய சான்று 1810-இல் லைப்சிக் நகரத்து இசை இதழ் ஒன்றில் வந்தது. பேத்தோவனின் ஐந்தாம் சிம்பொனியைப் பற்றி ஹோஃப்மன் எழுதிய திறனாய்வு அது. ஹோஃப்மன் சட்டம் பயின்றவர், கதை எழுதியவர், இசை அமைத்தவர். எல்லையற்ற ஏக்கத்தைப் பற்றி ஆவேசத்தோடு அவர் தொடங்குகிறார். ஆனால் அங்கேயே மிதந்துகொண்டிராமல், சுரக் குறிப்புகளையே அச்சிட்டுக் காட்டி, படைப்பின் ஒவ்வொரு பகுதியாக இறங்கிச் செல்கிறார்.

அந்தச் சிம்பொனியின் மூன்றாம் பகுதி நான்காம் பகுதிக்குள் நுழையும் இடத்தை மட்டும் என் வகுப்பில் ஒலிக்கச் செய்வதுண்டு. ஒரு நிமிடத்திற்கும் குறைவான பகுதி. மேல்நாட்டு இசை ஒன்றும் அறியாத, கடலோரச் சிற்றூர்களிலிருந்து வந்த பிள்ளைகள். என்ன கேட்டீர்கள் என்றேன். முதல் முறை, "சோகமாக இருந்தது, பிறகு மகிழ்ச்சியாயிற்று" என்றனர். மறுமுறை ஒலிக்கச் செய்தேன். ஒரு பெண், முதலில் எல்லாரும் மூச்சை அடக்கிக்கொண்டு நிற்பதுபோல் கம்பிக் கருவிகள் அசையாமல் நிற்கின்றன என்றாள். இன்னொருவன், அடியில் ஒரு முரசு மட்டும் நிற்காமல் மெல்லத் தட்டிக்கொண்டே இருக்கிறது, யாரோ கதவைத் தட்டத் தயங்குவதுபோல் என்றான். மூன்றாம் முறை கேட்டபோது, வயலின் சிறுசிறு துண்டாக மேலே ஏறுவதையும், ஓசை பெருகுவது கடைசிச் சில நொடிகளில் மட்டுமே என்பதையும் கண்டுகொண்டனர். கதவு திறந்ததும் இதுவரை கேளாத கருவிகள் வருகின்றன என்றும் ஒருவர் சொன்னார். அது முற்றிலும் உண்மை. டிராம்போன் என்னும் பித்தளை ஊதுகருவிகளைப் பேத்தோவன் அந்தப் படைப்பில் அந்த இடம் வரை அடக்கி வைத்திருந்து அப்போதுதான் முழங்க விடுகிறார். இலக்கணம் அறியாத பிள்ளைகள் மூன்றே முறை கேட்டு எட்டிய இடம் இது. இதை எழுதச் சொன்னால் அது கட்டுரை. இதற்குப் பெயர் இசைப் பயிற்சி அன்று, கவனப் பயிற்சி.

கல்லூரிகளுக்கு இவ்வளவு நேரம் ஏது, இதனால் வேலை கிடைக்குமா என்று கேட்போருக்கு விரிவான விடை தர எனக்கு விருப்பமில்லை. பசுவையும் பாம்பையும் எழுதி வேலை பெற்றவர் யாரேனும் இருந்தால் காட்டட்டும்.

இதைவிட எனக்கு முதன்மையாகப் படுவது வேறொன்று. அந்த வகுப்பில் ஒரு மாணவர் இருந்தார். அவர் தந்தையும் பாட்டனாரும் பறை இசைப்பவர்கள். "இசை" என்ற தலைப்பில் அவர் எழுதித் தந்த முதல் கட்டுரையில் கருநாடக இசைப் பாடகர் மூவரின் பெயர் இருந்தது. இவர்கள் பாடிக் கேட்டிருக்கிறாயா என்றேன். இல்லை என்றார். நீ கேட்டு வளர்ந்ததை எழுதிக்கொண்டு வா என்றேன். சற்று நேரம் பேசாமல் நின்று, "அதையெல்லாம் எழுதலாமா சாமி?" என்றார்.

அந்தக் கேள்வியை வாசகர் இன்னொரு முறை படிக்க வேண்டுகிறேன். பதினெட்டு ஆண்டுகளில் பள்ளியும் கல்லூரியும் சேர்ந்து அவருக்குக் கற்பித்த பாடம் அது. தான் கேளாத இசையை எழுதலாம். கேட்ட இசையை எழுதலாகாது.

எழுதிக்கொண்டு வந்தார். இரண்டரைப் பக்கம். தந்தை வைக்கோலைக் கொளுத்தி அந்த அனலில் பறையின் முகத்தைக் காட்டித் திருப்புவதையும், விரலால் தட்டிப் பார்ப்பதையும், தளர்ந்து கிடந்த ஓசை தோல் இறுக இறுக உயர்ந்து கூர்மை பெறுவதையும் எழுதியிருந்தார். நள்ளிரவுப் பனியில் தோல் மீண்டும் நெகிழும். ஆகவே விடியும் வரை பக்கத்தில் தீ இருந்துகொண்டே இருக்க வேண்டும். ஒரு கையில் நீண்ட மெல்லிய மூங்கில் சிம்பு, மறு கையில் குட்டையான தடித்த அடிக்குச்சி. சிம்பு விடாமல் சலசலத்துக்கொண்டிருக்க, அடிக்குச்சி எங்கே விழுகிறது என்பதே அடியின் பெயரைத் தீர்மானிக்கும். சாவு வீட்டு அடியும் திருவிழா அடியும் வேறு வேறு. சிறுவனாக வீட்டுக்குள் படுத்திருக்கும்போது, வெளியே போய்ப் பாராமலே, இப்போது உறவினர் வருகிறார்கள், இப்போது நீராட்டுகிறார்கள், இப்போது பாடை எழுகிறது என்று அடி மாறுவதைக் கொண்டே அறிந்துகொள்வாராம். கட்டுரையில் வியப்புக்குறி ஒன்றும் இல்லை. பறை என்னும் சொல் வரும் இடத்திலெல்லாம் முதலில் 'மேளம்' என்று எழுதி, அடித்துவிட்டுத் திருத்தியிருந்தார்.

ஆசிரியர் அறையில் இக்கட்டுரையைக் காட்டினேன். மூத்த ஆசிரியர் ஒருவர் முழுவதும் படித்துவிட்டு, நன்றாகத்தான் எழுதியிருக்கிறான், ஆனால் தலைப்பு 'இசை' அல்லவா என்றார். அவர் கொடியவர் அல்லர். உள்ளதை உள்ளவாறு சொன்னார். இசை என்னும் சொல்லுக்குள் யார் அமரலாம், யார் வாயிலில் நிற்க வேண்டும் என்று அவர் மனத்தில் ஒரு வரிசை இருந்தது. ஐந்து நிலங்களின் கருப்பொருளை எண்ணும்போது தெய்வத்தையும் உணவையும் எண்ணிய அதே மூச்சில் பறையையும் யாழையும் தொல்காப்பியம் எண்ணுகிறது என்பதை அவருக்கு நினைவூட்டினேன். தமிழ் ஆசிரியர், அவர் அறியாததல்ல. நூலில் இருக்கும் பறை வேறு, மாணவரின் தந்தை கையில் இருக்கும் பறை வேறு என்று எண்ணிவிட்டார்.

இங்கேதான் கட்டுரை வகுப்பு ஒரு நீதிப் பிரச்சினையாகிறது. மாதிரிக் கட்டுரை எல்லாருக்கும் பொது. ஆகவே அது சமத்துவம் என்று சிலர் வாதிடுவர். நான் மறுக்கிறேன். நகரத்துச் சபாக்களில் வளர்ந்த பிள்ளைக்கு மாதிரிக் கட்டுரை ஒன்றும் எடுத்துக்கொள்வதில்லை. செவியில் பெருஞ்செல்வம் வைத்திருந்தும் அதைச் செல்வம் என்று யாரும் சொல்லாத பிள்ளையிடமிருந்துதான் அது எடுத்துக்கொள்கிறது. வலைக்காரர் வலை இழுக்கும்போது பாடும் அம்பாப் பாட்டு, நடவுப் பாட்டு, பாட்டியின் ஒப்பாரி இவற்றோடு கல்லூரிக்குள் நுழைகிற பிள்ளையை, வெறுங்கையோடு வந்தவளாக நடத்துகிறோம்.

நம் பங்குகளுக்கும் இதில் பங்கு உண்டு. பங்குப் பேரவையில் பாடகர் குழுவைப் பற்றி வழக்கு வராத ஊர் உண்டா? பெரியவர்கள் சினிமா மெட்டு என்கிறார்கள். இளைஞர்கள் பழைய பாட்டு தூங்க வைக்கிறது என்கிறார்கள். சினிமா மெட்டு என்றால் என்ன என்று கேட்டுப் பாருங்கள். முன்னிசை பாட்டைவிட நீளமா? சுருதி உயர்ந்து, சபையார் தொண்டைக்கு எட்டாமல் குழுவினர் மட்டும் பாடும்படி ஆகிவிட்டதா? தாளப் பெட்டியின் அடி பாட்டின் பொருளோடு ஒட்டவில்லையா? அல்லது குறில் வரவேண்டிய இடத்தில் மெட்டு இழுத்து, 'விடு' என்பதைச் சபை 'வீடு' என்று பாடுகிறதா? இவை ஒவ்வொன்றும் வேறு வேறு குறை. ஒவ்வொன்றுக்கும் வேறு வேறு மருந்து. ஆனால் பட்டம் பெற்றவர்கள் நிறைந்த பேரவையிலும் இவற்றைப் பிரித்துச் சொல்ல ஒருவரும் எழுவதில்லை. பிடிக்கிறது, பிடிக்கவில்லை என்னும் இரண்டே சொற்களைக் கொண்டு இரண்டு மணி நேரம் சண்டையிட்டுவிட்டு, தலைக்கட்டு எண்ணிக்கையில் முடிவு செய்கிறோம். அந்தந்த மக்களின் இசை மரபுக்கு வழிபாட்டில் உரிய இடம் தர வேண்டும் என்று 1963-இல் இரண்டாம் வத்திக்கான் சங்கத்தின் திருவழிபாட்டு ஏடு கூறிவிட்டது. எது மரபு, எது அதன் நகல் என்று பிரித்தறியும் செவியை யார் தருவது? கல்லூரி தரவில்லை, நாமும் தரவில்லை.

சொல்லுக்கு அப்பாற்பட்டது இசை என்னும் முதல் வாதக்காரர்கள் இந்நேரம் புனித அகுஸ்தினாரைத் துணைக்கு அழைக்கக்கூடும். சங்கீத விளக்கவுரையில் அவர் சொல்லற்ற பாடலைப் புகழ்ந்தது உண்மைதான். ஆனால் எப்படிப் புகழ்ந்தார்? அறுவடைக் களத்திலும் திராட்சைத் தோட்டத்திலும் உழைப்பவர்கள் சொற்களோடு பாடத் தொடங்கி, மகிழ்ச்சி மிகுந்ததும் சொற்களை விட்டுவிட்டு வெறும் ஓசையாய்ப் பொங்குவதைக் கவனித்து, அந்தக் கணத்தை எழுதிக் காட்டி, அதிலிருந்து இறைப்புகழ்ச்சியை விளக்கினார். சொல்லற்ற இசையைப் பற்றிய சொல் அது. 'ஒப்புதல்கள்' என்னும் தம் நூலின் பத்தாம் பகுதியில், பாடப்படும் பொருளைவிடப் பாட்டே தம்மை மிகுதியாக அசைக்கும்போது தாம் குற்றவாளியாவதாக அவர் கலங்குகிறார். பாட்டே கூடாது என்னும் கடுமைக்கும் கோவிலில் பாட்டு நல்லது என்னும் இசைவுக்கும் இடையே அலைந்து, இசைவின் பக்கம் சாய்கிறார். அலெக்சாந்திரியாவில் அத்தனாசியார் சங்கீதத்தைப் பாட்டு என்று சொல்வதைவிடப் பேச்சு என்று சொல்லத்தக்க அளவுக்குக் குரலை ஏற்றியிறக்கி வாசிக்கச் செய்தார் என்னும் செய்தியையும் அங்கே குறித்து வைக்கிறார். இசையைக் கேட்டு, கேட்ட தம்மையும் கவனித்து எழுதிய பக்கம் அது. அகுஸ்தினார் பேச்சுக்கலை கற்பித்து வாழ்ந்த ஆசிரியர் என்பதை மறந்துவிட வேண்டாம். அவரை மௌனத்தின் சாட்சியாகக் கூண்டில் ஏற்றுவது பொருந்தாது.

மதிப்பெண் எப்படி இடுவது என்பதே இனி எஞ்சும் கேள்வி. ஆசிரியர்கள் இதை உண்மையான கவலையோடுதான் கேட்கிறார்கள். ஐம்பது பேர் ஐம்பது விதமாக எழுதினால் எதைச் சரி என்பது? இதற்குத் திறவுகோல் எளிது. ஒரே பாடற்பகுதியை வகுப்பில் மூன்று முறை ஒலிக்கச் செய்யுங்கள். முதல் முறை எழுதுகோலைத் தொட விடாதீர்கள். இரண்டாம் முறை குறிப்பு மட்டும். மூன்றாம் முறைக்குப் பின் ஒரு பக்கம். தேன், அமுதம், தெய்விகம், மயக்கம் ஆகிய நான்கு சொற்களுக்கும் முதல் பருவம் முழுவதும் விடுமுறை. எழுதியதில் ஓரிடத்தைச் சுட்டி, இது எங்கே கேட்கிறது என்று வினவுங்கள். மாணவர் ஒலிப்பதிவில் அந்த இடத்தைக் காட்டினால் மதிப்பெண். காட்ட இயலாவிட்டால் இன்னொரு முறை கேட்கட்டும். பாடகர் பெயருக்கு மதிப்பெண் இல்லை, விருதுகளுக்கும் இல்லை. பருவத்தில் ஒருமுறையேனும் மாணவர் தம் ஊரில், தம் தெருவில், தாமே நின்று கேட்டதை எழுதி வர வேண்டும்.

புதிய பாடத்திட்டம் இதற்கு வேண்டியதில்லை. பல்கலைக்கழகத்தின் ஆணையும் வேண்டியதில்லை. பொதுக் கட்டுரை என்னும் பகுதி ஏற்கெனவே இருக்கிறது. ஒலிக்கச் செய்ய ஆசிரியரின் கைப்பேசி போதும். அடுத்த திங்கட்கிழமை முதல் பாடவேளையிலேயே தொடங்கிவிடலாம்.